மருத்துவராக வேண்டும் என்பது என் ஆசையா, அம்மாவின் ஆசையா?

கேள்வி: திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்து, இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்திருக்கிறேன். நீட் தேர்வில் இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை, இயற்பியல் காலைவாரிவிட்டது. இன்னும் ஓராண்டு படித்து மீண்டும் எழுதச் சொல்கிறார் அம்மா. நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, சர்க்கரை நோயால் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த என் பாட்டி இறந்துபோனார். அன்றிலிருந்து டாக்டராவேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது என் மனத்தில் தோன்றிய ஆசையா, அம்மா சொல்லிச் சொல்லி வந்ததா என்று இப்போது தெரியவில்லை. ஓராண்டைச் செலவிடும் முன் இதை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: நீட் தேர்வில் 180 கேள்விகள், 720 மதிப்பெண்கள். அதிலும், அதன் பிறகு நடக்கும் கலந்தாய்விலும், "நீ ஏன் மருத்துவம் படிக்க விரும்புகிறாய்?" என்று யாரும் உங்களைக் கேட்கப்போவதில்லை. அதனால்தான் பலர் இந்தக் கேள்வியை மூன்றாம் ஆண்டிலோ, பயிற்சி மருத்துவராக இரவுப் பணியில் நிற்கும்போதோ முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். நீங்கள் இப்போதே கேட்டிருப்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன்: இயற்பியலில் மதிப்பெண் குறைந்ததை ஆர்வம் குறைந்ததற்கான அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது பயிற்சியால் சரியாகக்கூடிய குறை. ஆர்வத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

ஆசை யாரிடமிருந்து வந்தது என்பதற்கு நீங்கள் தரும் முக்கியத்துவத்தை நான் தர மாட்டேன். மருத்துவ மிஷனரியான தன் அப்பாவைப் போல இந்தியாவில் பணியாற்ற விருப்பமில்லாதிருந்த அமெரிக்கப் பெண் ஐடா ஸ்கடர், திண்டிவனத்தில் ஒரே இரவில் பேறுகால வேதனையில் மூன்று பெண்கள் இறந்ததை அறிந்த பிறகே மனம் மாறினார். ஆண் மருத்துவர் பார்க்கக் கூடாது என்று அவர்களின் குடும்பத்தார் மறுத்துவிட்டிருந்தனர். 1899இல் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பி, வேலூரில் பணியைத் தொடங்கி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை அங்கே நிறுவினார். முத்துலட்சுமி ரெட்டிக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. அவர் 1912இலேயே சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றுவிட்டார். சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தது அதற்குப் பின்னர்தான். அந்தத் துயரம் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக உருப்பெற்றது. ஒருவருக்குக் காரணம் படிப்புக்கு முன்னே வந்தது, மற்றவருக்குப் பின்னே வந்தது. இருவரும் அந்தக் காரணத்தோடு எத்தனை ஆண்டுகள் அன்றாட வேலையில் நின்றார்கள் என்பதே நமக்குப் பயன்படும் செய்தி.

ஆகவே உங்கள் பாட்டியின் மரணத்திலிருந்தே தொடங்குவோம். அதை நினைக்கும்போது உங்கள் மனத்தில் எழும் மருத்துவர் யார்? பெரும்பாலும் டயாலிசிஸ் அறையில் நின்ற சிறுநீரக நிபுணராகத்தான் இருப்பார். ஆனால் சர்க்கரை நோயால் வரும் சிறுநீரகப் பாதிப்பு பல ஆண்டுகள் வலியோ வீக்கமோ இல்லாமல் மெல்ல வளர்வது. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று ஆண்டுதோறும் பார்த்து, சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று கவனித்து, சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்தால் அதைப் பெருமளவு தள்ளிப்போட முடியும். அப்படியென்றால், உங்கள் பாட்டிக்கு மேலும் பல நல்ல ஆண்டுகளைத் தந்திருக்கக்கூடியவர், டயாலிசிஸ் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அமர்ந்து, "மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள்?" என்று பொறுமையாகக் கேட்டு, பதிலைக் காதுகொடுத்துக் கேட்டிருக்கக்கூடிய ஒரு மருத்துவர். அவர் காப்பாற்றியது யாருக்கும் தெரியாது, நோயாளிக்கே தெரியாது. அந்த வேலையை நினைத்தாலும் உங்கள் மனம் அதே அளவுக்கு இழுக்கப்படுகிறதா என்று பாருங்கள். நான் அறிந்த சோதனைகளில் இதைவிடக் கூர்மையானது இல்லை.

இதை வீட்டில் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்ய முடியாது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலரிடம் அனுமதி கேட்டு, சில நாட்கள் காலைப் புறநோயாளிகள் பிரிவில் உங்களால் இயன்ற உதவியைச் செய்துகொண்டு கவனியுங்கள். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடுவீடாகச் செல்லும் தன்னார்வலர் சம்மதித்தால் அவருடனும் நடந்து பாருங்கள். அங்கே பெரும்பாலும் ஒரே மாதிரியான நோய்களும், ஒரே மாதிரியான கேள்விகளும், சொன்னதைச் செய்யாமல் மீண்டும் வருபவர்களும்தான் இருப்பார்கள். நோயாளிகளின் பெயரோ நோயோ எழுதாமல், அன்று உங்களை எது ஈர்த்தது, எது சலிப்பூட்டியது என்று மட்டும் மாலையில் நோட்டில் எழுதிவையுங்கள். பத்தாவது நாளும் "அந்த அம்மாவுக்கு ஏன் சர்க்கரை குறையவே இல்லை?" என்று உங்கள் மனம் துருவிக்கொண்டிருந்தால் அந்த ஆர்வம் உங்களுடையதுதான், அம்மா ஊட்டியதாகவே இருந்தாலும். ரத்தத்தைக் கண்டு தலைசுற்றினால் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். உடற்கூறியல் கூடத்தில் முதல் வாரம் மிரண்டுபோய் நின்ற பலர் நல்ல மருத்துவர்களானதை என் ஆசிரியப் பணியில் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு கேள்வியையும் அந்த நோட்டில் எழுதுங்கள். பாட்டியின் பக்கத்தில் அதிக நேரம் இருந்தவர் யார்? செவிலியரும் டயாலிசிஸ் தொழில்நுட்பரும் அல்லவா? "நோயாளிகளுக்கு உதவ வேண்டும்" என்பது அவர்களுக்கும் பொருந்தும் காரணம். அது மட்டுமே மருத்துவராவதற்குப் போதாது. முழு விவரமும் கைக்கு வராத நிலையில் ஒரு முடிவெடுத்து, அதன் விளைவுக்குப் பொறுப்பேற்பது மருத்துவரின் தனி வேலை. அந்தப் பொறுப்பு உங்களை ஈர்க்கிறதா, அல்லது நோயாளியின் அருகில் இருப்பதுதான் ஈர்க்கிறதா? இரண்டாவது என்றால், தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண் வழியே சேரக்கூடிய பி.எஸ்சி. நர்சிங்கும் டயாலிசிஸ் தொழில்நுட்பப் படிப்பும் உங்களுக்கு நேரான வழிகள். அவற்றை மருத்துவம் கிடைக்காதவர்களின் புகலிடமாக எண்ணுவது பெரும் தவறு.

சம்பளமும் மரியாதையும் வேண்டும் என்று உங்களுக்கோ அம்மாவுக்கோ தோன்றினால் அதில் வெட்கப்பட ஏதுமில்லை. காலக்கணக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். எம்.பி.பி.எஸ். நான்கரை ஆண்டு, அதன்மேல் ஓராண்டு கட்டாயப் பயிற்சி. சிறுநீரக நிபுணராக வேண்டுமானால் எம்.டி. என்ற பட்ட மேற்படிப்பு மூன்று ஆண்டு, அதற்கும் மேலான டி.எம். என்ற சிறப்புப் படிப்பு இன்னும் மூன்று ஆண்டு. இடையிலுள்ள நுழைவுத் தேர்வுகளுக்கான காத்திருப்பைச் சேர்க்காமலேயே பதினொன்றரை ஆண்டுகள்.

இனி, ஓராண்டைப் பற்றி. அந்தப் பத்து நாட்களுக்குப் பிறகும் விருப்பம் நிலைத்திருந்தால் மீண்டும் எழுதுங்கள் என்பதே என் கருத்து. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, அதில் இடம் பெறுவோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது; உங்களுக்கு அது பெரிய பலம். ஆனால் எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு இப்போது உச்சவரம்பு இல்லாததால், நீங்களே ஒரு வரம்பு வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு முறை போதும் என்பேன். நர்சிங், துணை மருத்துவப் படிப்புகளுக்கான விண்ணப்பங்களை இந்த ஆண்டே போட்டுவையுங்கள். கலந்தாய்வு நாள் வருவதற்குள் அந்த நோட்டை அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, அதன் பிறகு இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்.