காட்டு சோயாக் கலப்பு: கேள்வி பதில்

கே: காட்டு சோயாவைப் பயிர் சோயாவோடு கலந்தால் விதை பிடிக்குமா?

ப: எந்தக் காட்டு சோயா? கிழக்காசியாவின் ஓராண்டுக் கொடியான கிளைசின் சோஜா என்றால் தாராளமாகப் பிடிக்கும். இரண்டுக்குமே 40 குரோமோசோம். தலைவலி பிறகுதான்: கொடி படரும், காய் வெடித்துச் சிதறும், விதை சிறுத்துக் கறுத்திருக்கும். கலப்பினத்தைப் பயிரோடு திரும்பத் திரும்பக் கலந்து, அதாவது பின்கலப்பு செய்து, அவற்றைக் கழிக்க வேண்டும்.

கே: என் கலப்பினச் செடிகள் எல்லாமே குறையில்லாமல் காய்க்கின்றனவே?

ப: கலப்பினம்தானா? சோயாப் பூ விரியும் முன்பே தன் மகரந்தத்தால் சூல் கொண்டுவிடும். மொட்டைத் திறக்க நீங்கள் தாமதித்திருந்தால், கையில் இருப்பது தாய்ச்செடியின் சொந்தப் பிள்ளை. வெள்ளைப் பூச்செடியைத் தாயாகவும் ஊதாப் பூச்செடியைத் தந்தையாகவும் வையுங்கள். முளையில் வித்திலைக்குக் கீழே தண்டு ஊதா ஓடியிருந்தால் கலப்பு. பச்சை என்றால் பிடுங்கிவிடுங்கள்.

கே: சோஜாக் கலப்பில் பாதி மகரந்தம் சுருங்கிக் கிடக்கிறது. உயிருள்ள மகரந்தத்தில் ஏறும் சாயமும் ஏறவில்லை.

ப: நல்ல கேள்வி. சில சோஜா வகைகளில் இரண்டு குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டிருக்கும். கலப்பினத்தில் அவை பிரியும்போது பாதி மகரந்தத்துக்கு ஒரு துண்டு குறையும், இன்னொன்று மிகும், அவை சாகும். பயப்படாதீர்கள், அடுத்த தலைமுறையில் ஏறக்குறைய பாதிச் செடிகள் முழு வளத்தோடு வரும்.

கே: உளுந்தோடு கலக்கலாமா?

ப: ஆகாது. பேரினமே வேறு.

கே: ஆஸ்திரேலியாவின் பல்லாண்டு இனங்கள்?

ப: அங்கேதான் உண்மையான மலட்டுத்தன்மை. துரு நோய்க்கும் நூற்புழுவுக்கும் எதிர்ப்புள்ள கிளைசின் டொமென்டெல்லா என்ற இனத்தை எடுங்கள். அதில் 78 குரோமோசோம் உள்ள வகையின் மகரந்தத்தைப் பயிரில் வைத்தால் காய் முற்றாமலே உதிரும். 20 நாள் வாக்கில் பிஞ்சு விதையை எடுத்து, ஆய்வகத்தில் ஊட்டக் கலவையில் வளர்க்க வேண்டும். வரும் செடிக்கு இரு பெற்றோரின் பாதிப் பாதியாக 20-ம் 39-ம் சேர்ந்து 59. பெரும்பாலானவற்றுக்கு ஜோடி கிடையாது, அதனால் மலடு. குரோமோசோமை இரட்டிக்கும் கோல்ச்சிசின் மருந்தைக் கொடுத்து 118 ஆக்கினால் வளம் திரும்பும். அதைப் பயிரோடு பின்கலந்து, தலைமுறை தலைமுறையாக 40-க்கு இறக்க வேண்டும். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ராம் சிங் இதைச் செய்து காட்டினார்.

கே: வளமான பிள்ளை பிறந்தால் சோஜாவும் பயிரும் ஒரே இனம்தானே? ஏன் இரண்டு பெயர்?

ப: சிலர் சோஜாவைத் துணையினமாகத்தான் வைக்கிறார்கள். பயிரே அதிலிருந்து வந்ததுதான்.

கே: அப்படியானால் பாதி மகரந்தம் சாவதை வைத்து வேறு இனம் என்பீர்களா?

ப: மாட்டேன். பயிரோடு தடையில்லாமல் கலக்கும் சோஜா வகைகளும் இருக்கின்றனவே! ஒரு துண்டு இடம் மாறியதற்காக இனம் பிரித்தால் பெயர் வைத்து மாளாது.

கே: பாசிப்பயறோடு?

ப: உளுந்துக்குச் சொன்னதேதான்.

கே: முதல் முயற்சியிலேயே என் கலப்பு முழு வளத்தோடு வந்துவிட்டது!

ப: தண்டு என்ன நிறம்?