ஜீப்ப அடமானம் வைக்காதீக அண்ணே

அண்ணே, நேத்து நீங்களும் மதினியும் பையன என்ன படிக்க வைக்கலாம்னு கேக்க கம்பத்துல நம்ம ஆபீஸ் மாடி ஏறி வந்தப்ப பயப்படாதீக பாத்துக்கலாம்னு சொல்லி அனுப்பிட்டேன், ராத்திரி படுத்தப்ப அது தப்புன்னு பட்டுச்சு. ஜீப்ப அடமானம் வச்சு அவன கோயமுத்தூர்ல மேனேஜ்மென்ட் கோட்டாவுல கம்ப்யூட்டர் சயின்ஸ் சேக்க வேணாம். எல்லாரும் அதான் எடுக்குறாகன்னு உங்க சகலை சொல்றாக, சரி, ஃபீஸ் அவுகளா கட்டப்போறாக? அந்த ஜீப்பு தான் விடியமுன்ன குமுளி மலை ஏறி ஏலத்தோட்டத்துல ஆள இறக்குது, உங்க வீட்டு அடுப்பு அதுல தான் எரியுது. அது மேல கடன் வாங்குறேன்னா நான் ஒத்துக்கவே மாட்டேன்.

பாலிடெக்னிக், நர்சிங், குரூப் 4 எல்லாம் உங்களுக்கே தெரியும், அத விடுங்க.

நீங்க பேசுன ஒரு மணி நேரமும் உங்க பையன் தரையத்தான் பாத்துக்கிட்டு இருந்தான். நீங்க டீக்கு இறங்குன பெறகு அந்த லேப்டாப்ல என்னப்பா வச்சிருக்கன்னு கேட்டேன், ஸ்பேஸ் கட்டை பேந்து போன அந்தப் பழசு தான், தொறந்தான் பாருங்க, வேற ஆளாயிட்டான். போடி, புத்தடி ஏலத்துல அன்னன்னைக்கி போற ஏலக்கா வெலையப் போட ஒரு வெப்சைட் வச்சிருக்கான், அது ஓடுறது நிக்ஸ்ஓஎஸ்னு ஒரு லினக்ஸ்ல, லினக்ஸ்ங்கிறது விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டர ஓட்டுற சாஃப்ட்வேர். கேக்குறவுகளுக்குப் பக்கத்த எடுத்து அனுப்புற வெப் சர்வர் சாஃப்ட்வேர் என்ஜின்எக்ஸ். சாதாரண லினக்ஸ்ல செட்டிங் எழுதுற கான்ஃபிக் ஃபைல் நாலு எடத்துல கெடக்கும், எவனோ ஒரு வரிய மாத்துவான், சைட்டு படுத்துரும், யார் மாத்துனா எத மாத்துனான்னு தேடணும். இதுல எந்த சர்வர் ஓடணும், எந்த ஃபோல்டர காட்டணும், வெளிய இருந்து வர்றத தடுக்குற ஃபயர்வால்ல எந்த வாசல், அதாவது போர்ட், தொறக்கணும், எல்லாம் கான்ஃபிகரேஷன் டாட் நிக்ஸ்ங்கிற ஃபைல்ல எழுதிட்டு 'நிக்ஸ்ஓஎஸ்-ரீபில்ட் ஸ்விட்ச்'னு கட்டளை குடுத்தா புதுசா ஒரு ஜெனரேஷன், அதாவது அந்த மொத்த அமைப்போட ஒரு பதிப்பு, உருவாகும், பழசு அழியாது. சிஸ்டம் ப்ரொஃபைல்னு சொல்றது, இப்ப எந்த ஜெனரேஷன் நடப்புல இருக்குன்னு காட்டுற ஒரு லிங்க் தான். இவன் மெஷின்ல 41 வரைக்கும் வந்திருச்சு.

எனக்குக் காட்டணும்னே ஃபோல்டர் பேர தப்பா அடிச்சு ஸ்விட்ச் குடுத்தான், பக்கம் காணோம், '404'னு பக்கம் இல்லைங்கிற எரர் தான் வந்துச்சு. அப்புறம் 'ரோல்பேக்'னு சேத்து ஒரே வரி, லிங்க் 41க்குத் திரும்பிருச்சு, ஏலக்கா வெல வந்திருச்சு. 'ஸ்விட்ச்'சுக்குப் பதிலா 'டெஸ்ட்' குடுத்தா மெஷின் எந்திரிக்கிறப்ப வர்ற பூட் மெனுவுல ஏறாது சார், மாட்டிக்கிட்டா ரீஸ்டார்ட் பண்ணுனா பழசுல எந்திரிக்கும்ங்கிறான். பழசெல்லாம் டிஸ்க்கத் திங்கும், அப்பப்ப பெருக்கணும்னான். நான் கேக்காமலே இன்னொண்ணும் சொன்னான், "டேட்டாபேஸ்ல உள்ளது இதுல பின்னால போகாது சார், பேக்கப் தனியா எடுக்கணும்." டிகிரி முடிச்சு வேல தேடி எங்கிட்ட வர்ற பயலுக பாதிப்பேருக்கு இது வாயில வராது.

அதனால பஸ்ல போயிட்டு வர்ற தூரத்துல பி.எஸ்சி. சேருங்க, சாயந்தரம் லினக்ஸ் பழகட்டும். நிக்ஸ்ஓஎஸ்னே கேட்டு வர்ற வேல கம்மி, ரெட் ஹேட், உபுண்டுன்னு மத்த லினக்ஸ் தான் கேப்பாக, அதுலயும் என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்க கையால எழுதிப் பழகணும். பெறகு லினக்ஸ் மெஷின பராமரிக்கத் தெரியும்னு ரெட் ஹேட் கம்பெனி சர்டிஃபிகேட் குடுக்குற ஆர்.எச்.சி.எஸ்.ஏ. பரீட்ச, மெஷின்ல செஞ்சு காட்டணும், மனப்பாடம் செல்லாது. ஃபீஸ் கூடுதல் தான், ரெண்டாம் வருஷத்துக்கு முன்ன கட்டாதீக. வேல நிச்சயம்னு அட்வான்ஸ் கேக்குற கோச்சிங்காரன் படியவே மிதிக்காதீக.

இப்ப செலவு பண்ணணும்னா அந்த லேப்டாப்புக்கு வேகமா ஓடுற எஸ்எஸ்டி டிஸ்க் ஒண்ணு வாங்கிப் போடுங்க, கீபோர்டையும் மாத்துங்க. சகலை நம்பர எனக்கு அனுப்புங்க, நான் பேசிக்கிறேன்.