மறைக்கல்வி வகுப்பு: சம்மதம் தர மறுக்கலாம்

வணக்கம். ஏழாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகனை அரசு உதவி பெறும் பள்ளியில் மறைக்கல்வி (கிறித்தவ மதபோதனை) வகுப்பில் கட்டாயமாக உட்கார வைக்கிறார்கள், கேட்டால் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். டி.சி. பேச்சு பெரும்பாலும் மிரட்டல்தான்.

அரசியலமைப்பின் 28(3) பிரிவு உங்களுக்குப் போதும். அரசின் அங்கீகாரமோ நிதியோ பெறும் பள்ளியில், பிள்ளை மைனர் என்றால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் மதபோதனைக்கோ வழிபாட்டுக்கோ வரச் சொல்ல முடியாது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிக்கும் இதேதான்.

அப்புறம், தமிழ்ப் பாடத்தில் கிறித்தவக் காப்பியமான தேம்பாவணி வருவதையும் குறையாகச் சேர்த்திருக்கிறீர்கள். அதை விட்டுவிடுங்கள். தேவாரமும் சீறாப்புராணமும் மணிமேகலையும்கூடத்தான் பாடத்தில் வருகின்றன. மதங்களைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது வேறு, மதபோதனை வேறு என்று 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமே பிரித்துச் சொல்லிவிட்டது. இரண்டையும் கலந்தால் உங்கள் புகார்தான் வலுவிழக்கும்.

என் மகளுக்கும் இதே கதை நடந்தது. கோபத்தில் இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். கடைசியில் கொடுத்தது நாலே வரி: 'இந்த வகுப்புக்கு எனக்குச் சம்மதமில்லை. அந்த நேரத்தில் அவளை நூலகத்தில் இருக்க அனுமதியுங்கள்.' நகலில் பள்ளி முத்திரை வாங்கிவிடுங்கள். பள்ளி கடிதத்தை வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட், ஒரு நகல் மாவட்டக் கல்வி அலுவலருக்கு.