ஊரில் பிசியோ, இங்கிலாந்தில் என்ன?

கேள்வி: ஈரோட்டில் பிசியோதெரபி பட்டப்படிப்பான பி.பி.டி. முடித்து, ஆறு ஆண்டுகள் ஓர் எலும்பு மருத்துவமனையில் வேலை பார்த்தேன். கணவரின் வேலைக்காக லெஸ்டர் வந்து எட்டு மாதம் ஆகிறது. இங்கே எம்.எஸ்சி. படித்தால்தான் பிசியோவாக வேலை செய்ய முடியும் என்கிறார்கள். ஏஜென்ட் ஒருவர், இங்கே பிசியோக்களைப் பதிவு செய்யும் அமைப்பான எச்.சி.பி.சி.யின் பதிவை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கிறார். எதைச் செய்வது?

பதில்: முதலில், அந்த ஏஜென்டிடம் பணம் கொடுக்காதீர்கள். பதிவை யாரும் வாங்கித் தர முடியாது. விண்ணப்பத்தில் உள்ளது உண்மை என்று உறுதிமொழி தருவது நீங்கள்தான். அவர் எழுதும் பொய்க்கும் நீங்களே பொறுப்பு.

எம்.எஸ்சி. கட்டாயம் இல்லை. இதில் பலர் பெரும் பணத்தை இழக்கிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். ‘அட்வான்ஸ்டு பிசியோதெரபி’ போன்ற முதுகலைப் படிப்பை முடித்தாலும் அதனால் மட்டும் பதிவு கிடைக்காது. எச்.சி.பி.சி. அங்கீகரித்த ‘ப்ரீ-ரெஜிஸ்ட்ரேஷன்’ (பதிவுக்குத் தகுதி தரும்) படிப்புதான் நேராகப் பதிவுக்குக் கொண்டுபோகும். உங்களிடம் பி.பி.டி.யும் ஆறு ஆண்டு அனுபவமும் இருக்கும்போது, வெளிநாட்டில் படித்தவர்களுக்கான விண்ணப்பத்தையே முதலில் போடுங்கள்.

பிசியோதெரபிஸ்டுகளுக்கென எச்.சி.பி.சி. வகுத்த திறன் தரங்கள் இருக்கின்றன. 2023 செப்டம்பரில் திருத்தப்பட்டவை இப்போது நடப்பில் உள்ளன. உங்கள் படிப்பு, பயிற்சி, அனுபவம் மூன்றையும் சேர்த்து அவற்றோடு ஒப்பிடுவார்கள். குறை தெரிந்தால் கூடுதல் தகவல் கேட்கலாம். அதற்கும் மேல் என்றால், உங்கள் திறனைச் சோதித்துப் பார்க்கவும் செய்யலாம். அதை நிராகரிப்பு என்று நினைத்து உடைந்துபோக வேண்டாம். ஆங்கிலத்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் எழுதினால் மொத்தம் 7, எந்தப் பிரிவிலும் 6.5க்குக் குறையக் கூடாது. கட்டணத்தையும் படிவங்களையும் எச்.சி.பி.சி. தளத்தில் மட்டும் பாருங்கள்.

சரி, நம் ஊர்ப் பிசியோக்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள்? அனுபவத்தை எழுதும் இடத்தில். “முழங்கால் வலி பேஷண்ட்டுகளுக்கு ஐ.எஃப்.டி., எஸ்.டபிள்யூ.டி., பயிற்சிகள் கொடுத்தேன்” என்று மின்சிகிச்சை மெஷின்களின் பெயரோடு ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மதிப்பிடுபவர் தேடுவது மெஷின் பெயரை இல்லை, உங்கள் யோசனையை. டாக்டர் எழுதிக் கொடுத்ததைச் செய்தீர்களா, நீங்களே பரிசோதித்து முடிவெடுத்தீர்களா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். இங்கே பிசியோ சுயமாக முடிவெடுக்க வேண்டியவர்.

உதாரணமாக, இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த ஒரு பாட்டியை எடுத்துக்கொள்வோம். கை வைக்கும் முன் என்ன விளக்கினீர்கள், சம்மதம் எப்படிக் கேட்டீர்கள்? முதல் நாள் நிற்க வைத்தபோது தலை சுற்றியது என்றால் ஏன் நிறுத்தினீர்கள், யாரிடம் சொன்னீர்கள்? வாக்கரில் இருந்து கைத்தடிக்கு மாற்றலாம் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? வீட்டில் எத்தனை படி, ஏறும்போது கைப்பிடி எந்தப் பக்கம், கடைக்குப் போய்வர யார் இருக்கிறார்கள்? இங்கே வார்டில் இதையெல்லாம் கேட்காமல் பாட்டியை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். ஈரோட்டில் நீங்களும் கேட்டிருப்பீர்கள், எழுதத் தோன்றியிருக்காது. அப்படி நாலைந்து கேஸ்களை, நோயாளியின் பெயர் அடையாளம் இல்லாமல், விரிவாக எழுதிப் பாருங்கள். ஆறு ஆண்டும் எலும்பு கேஸ் என்பதால் நரம்பியல், நெஞ்சு-நுரையீரல் பக்கம் காலியாகத் தெரியும். இன்டர்ன்ஷிப்பில் ஐ.சி.யூ., பக்கவாத வார்டு போஸ்டிங்கில் செய்தவற்றை நினைவுக்குக் கொண்டுவாருங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். ‘பிசியோதெரபிஸ்ட்’ இங்கே சட்டப் பாதுகாப்பு உள்ள பட்டம். பதிவு இல்லாமல் அந்தப் பெயரில் வேலை செய்வது குற்றம். தெரிந்தவர் வீட்டுக்குப் போய்ச் சிகிச்சை கொடுத்தாலும் அப்படிச் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

அதுவரை வீட்டில் இருக்க வேண்டியதில்லை. உங்கள் விசா அனுமதித்தால், இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் ‘ஜாப்ஸ்’ தளத்தில் ‘தெரபி அசிஸ்டென்ட்’ வேலைகளைத் தேடுங்கள். அதற்குப் பதிவு தேவையில்லை. பட்டம் பெற்றவர் உதவியாளராகப் போவதா என்று மனம் கூசும், எனக்குப் புரிகிறது. ஆனால் இங்கே நோட்ஸ் எழுதும் முறையும், நர்ஸோடும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டோடும் பேசும் பேச்சும் அந்த வார்டில்தான் பழகும். பிறகு பிசியோவின் தொடக்க நிலையான பேண்ட் 5 வேலைக்கான இன்டர்வியூவில் அந்த மாதங்கள்தான் கைகொடுக்கும்.

இன்றைக்கே தொடங்க வேண்டியது, படித்த கல்லூரியில் இருந்து ஆவணங்கள் வாங்கும் வேலை. பாடத்திட்டம், மதிப்பெண் பட்டியல், எந்தத் துறையில் எத்தனை மணி நேரம் மருத்துவப் பயிற்சி என்ற விவரம் எல்லாம் கையொப்பத்தோடு வேண்டும். மின்னஞ்சலுக்குப் பதில் வராமல் மாதக்கணக்கில் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊரில் அப்பாவோ தம்பியோ இருந்தால், உங்கள் அனுமதிக் கடிதத்தோடு கல்லூரி அலுவலகத்துக்கே ஒருமுறை நேரில் போய்வரச் சொல்லுங்கள்.