நான் ஒருவன் அண்ணாச்சி கடையில் வாங்குவதால் என்ன மாறிவிடும்?

நிறையவே மாறும். 2017-ல் பார்த்தோமே, ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த கையோடு, மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்க மாட்டோம் என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தன; 1916-ல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கின் பொவண்டோவை ஆட்கள் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். கேட்க ஆள் இருந்தால்தான் கடைக்காரர் சரக்கு எடுப்பார், அவ்வளவுதான் கணக்கு.

சரி, விலை? சில பொருளுக்கு இரண்டு ரூபாய் கூடத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மாதக் கடைசியில் நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி தருவதும், கால் கிலோ புளியைக் காகிதத்தில் மடித்துக் கட்டிவிட்டு, கூட வந்த பிள்ளையின் கையில் கொஞ்சம் பொட்டுக்கடலை வைப்பதும் அந்த அண்ணாச்சிதான். எல்லாவற்றையும் அங்கேயே வாங்க வேண்டாம். பருப்பு, எண்ணெய், சோடா, இதையாவது வாங்குங்கள். அப்புறம், வேண்டியது இல்லையென்றால் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.