ஸ்டார் ஒட்டினால் ஒற்றுமை வருமா?

கேள்வி: நான் மழலையர் வகுப்பு ஆசிரியை. நாலு, ஐந்து வயதில் 24 பிள்ளைகள். நாலு நாலு பேராகப் பிரித்து உட்காரவைத்து, முதலில் முடிக்கிற குழுவுக்கு ஸ்டார் ஒட்டுகிறேன். ஆனால் மெதுவாகச் செய்கிற பிள்ளையை அதே குழுவில் இருப்பவர்களே "உன்னாலதான் போச்சு" என்று திட்டுகிறார்கள். வாரக் கடைசியில் ஸ்டார் எண்ணினால் ஒரு பக்கம் கைதட்டல், ஒரு பக்கம் அழுகை. எங்கே தவறுகிறேன்?

பதில்: அந்த 'முதலில் முடிக்கிற' என்பதை நாளைக்கே எடுத்துவிடுங்கள். வேகத்துக்குப் பரிசு என்றால் மெதுவான பிள்ளை பாரம்தானே? குழந்தைகள் உங்கள் விதியைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அவர்கள் மேல் கோபப்படாதீர்கள்.

அடுத்தது, ஒரே மேஜையில் உட்காருவது குழு வேலை ஆகாது. இரண்டிலிருந்து ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளின் விளையாட்டைக் கவனித்து மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932-இல் எழுதினார்: முதலில் தனியாக, அப்புறம் பக்கத்தில் பக்கத்தில் ஆனால் அவரவர் பாட்டுக்கு, அதற்கெல்லாம் பிறகுதான் ஒரே நோக்கத்தோடு சேர்ந்து. உங்கள் பிள்ளைகள் அந்தக் கடைசிப் படியில் இப்போதுதான் கால் வைக்கிறார்கள். நாலு பேருக்கு நாலு தாள், நாலு க்ரேயான் டப்பா கொடுத்தால் பழைய படிக்கே போய்விடுவார்கள். ஒரே பெரிய தாள், ஒரே பசை டப்பா கொடுங்கள். இல்லையென்றால் ஒரு பெரிய போர்வையின் ஓரத்தை எல்லோரும் பிடித்துக்கொண்டு நடுவில் ஒரு பந்தை வைத்து, அது கீழே விழாமல் அறையைச் சுற்றி நடக்கச் சொல்லுங்கள். ஒருவன் கையை விட்டாலும் பந்து ஓடிவிடும், அடுத்தவன் எனக்கு வேண்டும் என்பதை நீங்கள் சொல்லாமலே போர்வை சொல்லிக்கொடுத்துவிடும். நாலு பேரில் ஒருவர் அதிகாரம் செய்வார், ஒருவர் வேலை செய்வார், இரண்டு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். அதனால் இரண்டிரண்டு பேராகத் தொடங்குங்கள்.

சேர்ந்து உழைத்தால் பகிர்வதும் கூடவே வரும் என்பதற்கு நான் அடிக்கடி சொல்லும் ஆய்வு ஒன்று உண்டு. கத்தரீனா ஹாமன் குழுவினர் 2011-இல் வெளியிட்டது. மூன்று வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்து கயிறு இழுத்தால் பரிசு கிடைக்கும், ஆனால் ஒருவருக்கு மூன்று, மற்றவருக்கு ஒன்று. இழுக்காமல் சும்மா கிடைத்தபோது இருந்ததைவிட, சேர்ந்து இழுத்துக் கிடைத்தபோது சமமாகப் பிரித்துக்கொண்டது மிக அதிகம். மூன்று வயதிலேயே!

சரி, ஸ்டார்? 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் படம் வரைவதில் ஆசையுள்ள சின்னப் பிள்ளைகளிடம் 'வரைந்தால் சான்றிதழ் உண்டு' என்று முன்கூட்டியே சொல்லிப் பார்த்தார்கள். ஓரிரு வாரம் கழித்து அந்தப் பிள்ளைகள் தாமாக வரைந்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான். சொல்லாமல் திடீரென்று கொடுத்தபோது அந்தக் குறைவு வரவில்லை. ஆகவே கொண்டாடுங்கள், தாராளமாகக் கொண்டாடுங்கள், ஆனால் அதைக் கூலியாக முன்பே பேசி வைக்காதீர்கள்.

எப்படி என்றால், பிள்ளைகள் சேர்ந்து கட்டைகளை அடுக்கிக் கோபுரம் கட்டி முடித்ததும் எல்லோரையும் சுற்றி உட்காரவைத்து நடந்ததைச் சொல்லுங்கள்: "இது ரெண்டு தடவை விழுந்தது, ஒருத்தர் அடியைப் பிடிச்சுக்கிட்டார், ஒருத்தர் மெதுவா மேலே வெச்சார்." பொதுவாக 'சூப்பர்' என்பதைவிட இதில் பிள்ளைகளின் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள். கைதட்டல் வகுப்பு முழுவதற்கும். ஒரு புகைப்படம் எடுத்து அவர்கள் கண் உயரத்தில் ஒட்டுங்கள். கூச்சப்படுகிற பிள்ளையை நடுவில் நிறுத்த வேண்டாம், உட்கார்ந்த இடத்திலேயே சந்தோஷப்படட்டும்.

சண்டை வரும், வரட்டும். யாரும் யாரையும் அடிக்காதவரை உடனே தீர்ப்பு சொல்லாமல் "ரெண்டு பேருக்கும் இதே வேணுமாம், என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்திருங்கள்.

கேள்வி: குழுவாகச் செய்த ஓவியத்தில் "நீ என்ன செஞ்சே?" என்று கேட்டால் என் மகள் பதிலே சொல்வதில்லை. சும்மா இருந்துவிட்டாளோ?

பதில்: அதைக் கணக்கு கேட்பதாக நினைத்திருப்பாள். "யார் கூட செஞ்சே, எது கஷ்டமா இருந்தது, அப்போ யார் உதவி பண்ணினாங்க?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். ஒரு வாரம் கேளுங்கள். அதற்குப் பிறகும் வாய் திறக்கவில்லை என்றால் ஆசிரியையிடம் பேசலாம்.