'ஃப்ரம் ஸ்கிராட்ச்'னா கீறல் இல்ல, தம்பி

தம்பி, பர்மிங்காம் வந்து மூணு வாரம்தான் ஆகுதுன்னு எழுதியிருக்கீங்க. நீங்க அனுப்பின ரிப்போர்ட்டுக்கு மேனேஜர் 'ஸ்டார்ட் ஃப்ரம் ஸ்கிராட்ச்'னு ஒத்தை வரியில பதில் போட்டிருக்கார். திட்டுறாரா, எங்கே கீறல் விழுந்துச்சுன்னு கேக்குறீங்க. திட்டல. பழசுல ஒட்டுப் போடாம வெறுந்தாள்ல இருந்து மறுபடி செய்யுங்கன்னு சொல்றார், அவ்வளவுதான்.

என் கதை இதைவிட மோசம். நான் வேலைக்குச் சேர்ந்த இடத்துல கம்ப்யூட்டர்ல 'ஸ்கிராட்ச்'னே ஒரு ஃபோல்டர் இருந்துச்சு. அரைகுறைக் கோப்புகளைத் தற்காலிகமாப் போட்டு வைக்கிற இடம். மேலதிகாரி இதே வாக்கியத்தைச் சொன்னதும் நான் நேரா அந்த ஃபோல்டரைத் திறந்து, யாரோ பாதியில விட்ட வரைபடத்தை எடுத்து ரெண்டு நாள் இழைச்சு இழைச்சு முடிச்சுக் கொடுத்தேன். மனுஷர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார், மாட்டினார், மறுபடி கழட்டினார்.

ஸ்கிராட்ச்ங்கிறது பந்தயத்துல தரையில கிழிச்ச கோடு. ஊருணிக் கரையில ஓடிப் பிடிக்கும்போது குச்சியால கிழிப்போமே, அதேதான். பொடியன்களை நாலடி முன்னால நிறுத்துவோம்ல? இங்கேயும் சில பந்தயங்கள்ல வேகம் குறைஞ்சவங்களுக்கு அப்படிச் சலுகை உண்டு. சலுகை இல்லாதவன் கோட்டுல இருந்தே ஓடணும். கோல்ஃப்ல சலுகை பூஜ்யமா இருக்கிறவரை இன்னைக்கும் ஸ்கிராட்ச் ஆட்டக்காரர்னுதான் சொல்றாங்க.

இதை நம்ம பிள்ளையார் சுழியோட குழப்பிக்காதீங்க. சுழி எந்தத் தொடக்கத்துக்கும் போடலாம், எல்லாம் தயாரா இருந்தாலும் போடலாம். இதுல அழுத்தம் தொடக்கத்துமேல இல்ல, கையில ஒண்ணும் இல்லாததுமேல. அதனால மீட்டிங் ஆரம்பிக்கலாம்னு சொல்ல இது வராது. நடுவுல 'த' சேர்த்து 'ஃப்ரம் த ஸ்கிராட்ச்'னும் சொல்லாதீங்க. நம்மாளுங்க முக்கால்வாசிப் பேர் பண்ற தப்பு, நானும் பல வருஷம் பண்ணினேன்.

சமையல்ல இதே வார்த்தை பாராட்டு. ஆபீஸ் விருந்துக்கு வெள்ளைப் பணியாரம் கொண்டு போனேன். 'ஃப்ரம் ஸ்கிராட்சா?'ன்னு ஒரு அம்மா கேட்டாங்க. ஆழாக்குல பச்சரிசியைத் தலைதட்டி, அதுமேல உளுந்தைக் கோபுரமாக் குவிச்சு அளந்து, ஊறவச்சு, வெண்ணெயா அரைச்சு, கரண்டி கரண்டியா எண்ணெயில ஊத்தினா ஆமான்னு சொல்லலாம். கடையில வாங்கின மாவுன்னா இல்லன்னு ஒத்துக்கணும். அன்னைக்கு நான் ஒத்துக்கிட்டேன்.

எங்க ஐயா ரங்கூன்ல ஒரு கடையில அடுத்தாளா, அதாவது உதவியாளா இருந்தவுக. 1942-ல ஜப்பான்காரன் வந்ததும் கட்டின வேட்டியோட நடந்தே ஊர் திரும்பி, தேவகோட்டையில முதல் இல்லாம ஒரு பலசரக்குக் கடை போட்டாக. அதுதான் அசல் ஃப்ரம் ஸ்கிராட்ச். உங்களுதுக்கு அவ்வளவு பாடு இல்ல. ஆனா நாளைக்கே மேனேஜர்கிட்ட ஒண்ணு கேட்டுக்கோங்க: பழைய எண்களையாவது வச்சுக்கலாமா, இல்ல அதையும் புதுசா எடுக்கணுமா? நிறையப் பேர் அமைப்பை மட்டும் மாத்தச் சொல்லத்தான் இப்படி எழுதுவாங்க. கேக்காம உக்காந்தீங்கன்னா சனி, ஞாயிறு ரெண்டும் போயிடும்.